உழாமல் கோதுமை விதைத்தால் மண்ணுக்கு என்ன ஆகும்?

இந்த எபிசோடுக்குத் தயாராகும்போது வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். அதை முதலில் சொல்லிடறேன்.

எங்க அபார்ட்மென்ட் வளாகத்தில் ஒரு வேப்பமரம் இருக்கு. அதன் அடியில் யாரும் மண்வெட்டி வைப்பதில்லை. வருஷக்கணக்காகச் சருகு விழுந்து மெத்தை மாதிரி கிடக்கு. அங்கிருந்து பத்தடி தள்ளி ஒரு பூச்செடிப் பாத்தி. அதை அடிக்கடி கொத்திக் கிளறி, விழுந்த இலையையெல்லாம் கூட்டி அள்ளி, பார்க்கப் பளிச்சென்று வைத்திருப்பார்கள். ரெண்டு இடத்திலிருந்தும் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு மண்கட்டி எடுத்துக் காயவைத்தேன். ரெண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, டீ வடிகட்டியில் கட்டியை வைத்து மெதுவாக இறக்கினேன்.

பாத்தியில் எடுத்த கட்டி சில நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பொலபொலவென்று உதிர்ந்து அடியில் போய்ப் படிந்தது. தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. மரத்தடிக் கட்டியோ அரை மணி நேரம் கழித்தும் கட்டியாகவே இருந்தது. தண்ணீரும் தெளிவாக இருந்தது.

ஒரே வளாகம், ஒரே மண், ஒரே மழை. வித்தியாசம் ரெண்டே ரெண்டுதான். ஒரு இடத்தைக் கிளறுகிறோம், இன்னொன்றைக் கிளறுவதில்லை. ஒரு இடம் வெறுமனே கிடக்கு, இன்னொன்றின் மேல் ஒரு போர்வை இருக்கு. இந்த ரெண்டு விஷயத்தையும் மனசில் வைத்துக்கொள்ளுங்க. இன்றைய எபிசோட் முழுக்க இதுதான். இடம் மட்டும் வேறு: நம்ம சப்பாத்திக்குக் கோதுமை விளைகிற பஞ்சாப், ஹரியானா வயல்கள்.

முதலில், எதுக்கு உழுகிறோம்?

"அகல உழுவதைவிட ஆழ உழு" என்று ஒரு பழமொழி நமக்கெல்லாம் தெரியும். ஏர் பிடித்தே பார்க்காத நாம்கூடப் படிப்பைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்வோம். விவசாயம் என்றாலே உழவு என்றுதான் நம்ம மொழியே சொல்கிறது. விவசாயிக்கு இன்னொரு பெயரே உழவர். அப்படி இருக்கும்போது "உழாதீங்க" என்று ஒருத்தர் சொன்னால், அவருக்கு விவசாயம் தெரியாது என்றுதான் முதலில் தோன்றும்.

உழவு காரணம் இல்லாமல் வந்த பழக்கம் இல்லை. உழுதால் களை செத்துப்போகும். இறுகிய மேல்மண் பொலபொலப்பாகி விதை சுலபமாக முளைக்கும். போன பயிரின் தாள் மண்ணுக்குள் புதைந்துவிடும். முக்கியமாக இன்னொன்று: உழுததும் பயிர் ஒரு பச்சை பிடித்து வளரும். அது கண்ணுக்குத் தெரிகிற பலன், பொய் இல்லை.

ஆனால் அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கணும். மண்ணில் மக்கிய பொருள், அதாவது பழைய வேர், இலை, செத்த நுண்ணுயிர் எல்லாம், சின்னச் சின்ன மண் உருண்டைகளுக்குள் பூட்டி வைத்த மாதிரி இருக்கும். கலப்பை அந்த உருண்டைகளை உடைக்கிறது. உள்ளே காற்று போகிறது. நுண்ணுயிர்களுக்குத் திடீர் விருந்து. அவை அந்த மக்கைத் தின்று, நைட்ரஜனைப் பயிருக்கு விடுவித்து, கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் விடுகின்றன. சுருக்கமாகச் சொன்னால், சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்து இந்த மாசச் செலவைச் சமாளிக்கிற மாதிரி. கையில் காசு புழங்கும், பாஸ்புக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போ என் டம்ளருக்கு வாங்க. மரத்தடிக் கட்டியை உடையாமல் பிடித்து வைத்திருந்தது எது? பூஞ்சைகளின் மெல்லிய இழைகள், மெலிசான வேர்கள், நுண்ணுயிர்கள் சுரக்கிற பசை. இவை எல்லாம் சேர்ந்து களிமண்ணையும் வண்டலையும் மணலையும் உருண்டைகளாகக் கட்டி வைக்கின்றன. உருண்டைகளுக்கு நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் தண்ணீர் இறங்கும், காற்று போகும், வேர் நுழையும். ஒவ்வொரு உழவும் அந்த இழைகளை அறுக்கிறது. மண்புழு செங்குத்தாகத் துளைத்த குழாய்களை உடைக்கிறது. அப்புறம் ஒரு பெருமழை அடித்தால், உதிர்ந்த மண்துகள் மேலே படிந்து, காய்ந்ததும் அப்பளம் மாதிரி ஓடு கட்டிக்கொள்ளும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் மேலேயே ஓடும். மேலே இப்படி என்றால், அடியில் இன்னொரு பிரச்சினை. கலப்பையும் டிராக்டரும் வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் அழுத்தி அழுத்தி, அதற்குக் கீழே ஒரு கெட்டித் தளம் உருவாகிவிடும். வேர் அங்கே போய் முட்டி நிற்கும்.

கோதுமை ஒரு தேசத்துக்கே பாடம் நடத்திய கதை

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்கா 1930களில் பார்த்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் கோதுமைக்கு நல்ல விலை. கன்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ் பக்கம் ஆயிரக்கணக்கான வருஷமாகப் புல் மூடிக் கிடந்த சமவெளியை டிராக்டர் வைத்துப் புரட்டிப்போட்டு கோதுமை விதைத்தார்கள். மழை பெய்த வரைக்கும் லாபம். 1930களில் வறட்சி வந்தது. புல் வேர் இல்லை, மூடாக்கு இல்லை, உழுது பொடியாக்கிய வெற்று மண். காற்று அதை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த புழுதிப் புயல் பகலை இருட்டாக்கியது. அந்த நாளை இன்றைக்கும் 'கறுப்பு ஞாயிறு' என்றுதான் சொல்கிறார்கள். மண் அரிப்பைப் பற்றிப் பல வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த ஹியூ ஹாமண்ட் பென்னட் என்கிற மண்ணியல் நிபுணரின் பேச்சு அப்போதுதான் எடுபட்டது. அதே மாதம் 27ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த மண் பாதுகாப்புத் துறைக்கு அவரே தலைவர் ஆனார்.

அதற்குப் பிறகுதான் 'பாதுகாப்பு உழவு' என்கிற யோசனை வேர் பிடித்தது. அதற்கு ஒரு நடைமுறை வரையறை உண்டு: விதைத்து முடித்த பிறகும் நிலத்தில் குறைந்தது 30 சதவீதப் பரப்பாவது போன பயிரின் தாளால் மூடியிருக்கணும். கொஞ்சமாக உழுவது, வரிசையை மட்டும் கீறுவது, உழவே இல்லாமல் நேராக விதைப்பது எல்லாம் இதன் வகைகள். கவனிச்சீங்களா? எவ்வளவு உழுதீங்க என்று இந்த வரையறை கேட்கவில்லை. மண்மேல் எவ்வளவு மூடியிருக்கு என்று கேட்கிறது. இந்தக் கேள்வி பின்னாடி நமக்குத் தேவைப்படும்.

உழாவிட்டால் களையை என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு 1960களில் பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகள் பதிலாக வந்தன. உழவில்லா விவசாயம் பெரிய பண்ணைகளுக்குப் பரவியதில் களைக்கொல்லிக்குப் பெரும் பங்கு உண்டு. இதையும் மறைக்காமல் சொல்லியாகணும்.

பஞ்சாபில் அந்த மூணு வாரம்

இப்போ பஞ்சாப். நவம்பர் வந்தால் டெல்லியில் இருக்கிற நம்ம நண்பர்கள் மாஸ்க் போட்டு செல்ஃபி அனுப்புவார்கள் இல்லையா? அந்தப் புகைக்கு வாகனம், தொழிற்சாலை, கட்டுமானத் தூசி என்று பல காரணங்கள். வருஷத்தில் சில வாரங்கள் அதோடு சேர்கிறது வயலில் எரிக்கிற நெல் வைக்கோல். உடனே "ஏன்தான் எரிக்கிறாங்களோ" என்று ட்வீட் போடுவோம். அந்த விவசாயி இடத்தில் நின்று ஒரு நிமிஷம் பார்ப்போம்.

பஞ்சாபில் ஒரே வயலில் கோடையில் நெல், குளிர்காலத்தில் கோதுமை. நிலத்தடி நீர் வற்றிக்கொண்டே போவதால் 2009இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. கடும் வெயிலில் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்க, ஜூன் 10க்கு முன்னால் நெல் நாற்று நடக்கூடாது என்று அரசு சொன்னது. நல்ல நோக்கம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். அக்டோபர் கடைசியில் நெல் அறுத்தால், நவம்பர் முதல் பாதியில் கோதுமை மண்ணுக்குள் போயிருக்கணும். நடுவில் இருப்பது ரெண்டு மூணு வாரம்தான்.

கோதுமைக்கு ஏன் இவ்வளவு அவசரம்? மார்ச் மாதம் வெயில் ஏறும்போது கோதுமை மணி பால் பிடித்து முற்றிக்கொண்டிருக்கும். லேட்டாக விதைத்தால் அந்த நேரத்தில் வெயில் அடித்து மணி சுருங்கிப்போகும். 2022 மார்ச் ஞாபகம் இருக்கா? 1901இலிருந்து வைத்திருக்கும் பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான மார்ச் அதுதான். கோதுமை மகசூல் அடிவாங்கியது. மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்கே தடை போட்டது.

ஆக, கையில் ரெண்டு மூணு வாரம். வயலில் கம்பைன் மெஷின் அறுத்துவிட்டுப் போன தாள் நிற்கிறது. மெஷின் துப்பிய வைக்கோல் வரிசை வரிசையாகக் குவிந்து கிடக்கிறது. ஏக்கருக்கு ரெண்டு டன்னுக்கும் மேலே. பாஸ்மதி அல்லாத நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் அங்கே மாட்டுக்கும் அதை அவ்வளவாகப் போடுவதில்லை, கோதுமை வைக்கோல்தான் தீவனம். அதை வாரிக் கட்ட ஆள் கூலி, வண்டிக் கூலி. ஒரு தீக்குச்சிக்கு என்ன செலவு?

தீக்குச்சிக்குச் செலவு இல்லை. ஆனால் எரிந்து போவதற்கு ஒரு விலை இருக்கு. ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறக்குறைய 5.5 கிலோ நைட்ரஜன், 25 கிலோ பொட்டாஷ், 400 கிலோ கார்பன் இருக்கு. எரித்தால் கார்பனும் நைட்ரஜனும் பெரும்பாலும் புகையோடு போய்விடும். மேல்மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களும் வெந்துபோகும். நம்ம டம்ளரில் மண்ணைக் கட்டிப் பிடித்திருந்த அந்தப் பசைக்கும் இழைக்கும் தீனியே இந்த வைக்கோல்தான். டெல்லியில் நாம் மூச்சில் இழுக்கிற புகையில் ஒரு பங்கு, பஞ்சாப் மண்ணுக்குப் போயிருக்க வேண்டிய சாப்பாடு.

வைக்கோலுக்கு நடுவில் விதைக்கிற மெஷின்

எரிக்காமலும் உழாமலும் விதைக்க முடியுமா? 1990களில் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உழவில்லா விதைப்புக் கருவிகள் உருவாகின. மண்ணைப் புரட்டாமல் மெல்லிசாக ஒரு கீறல் போட்டு, அதற்குள் விதையையும் உரத்தையும் போட்டுவிடும் கருவி. ஹரியானாவில் இது பரவினதுக்கு ஒரு சுவாரஸ்யமான காரணம் இருக்கு. அங்கே கோதுமை வயலில் 'குல்லி தண்டா' என்று ஒரு களை. பார்க்க அச்சு அசல் கோதுமை மாதிரியே இருக்கும். 1990களின் தொடக்கத்தில் அது ஐசோபுரோட்டுரான் என்கிற களைக்கொல்லிக்குக் கட்டுப்படாமல் போய்விட்டது. அப்போதுதான் விவசாயிகள் ஒன்றைக் கவனித்தார்கள்: உழாத வயலில் இந்தக் களை குறைவாக முளைக்கிறது. மண்ணைப் புரட்டாததால் உள்ளே தூங்குகிற களைவிதை மேலே வருவதில்லை. சீக்கிரமே விதைத்துவிடுவதால் களைக்கு முந்திக்கொண்டு கோதுமை வளர்ந்துவிடுகிறது. களையைக் கொல்வதற்காகத்தான் உழுகிறோம் என்று சொன்னேன் இல்லையா? இங்கே கதை தலைகீழ்.

ஆனால் அந்தக் கருவிக்கு ஒரு குறை. கம்பைன் துப்பிய உதிரி வைக்கோல் அதன் கொழுக்களில் சிக்கி, இழுத்துக்கொண்டே போய்க் குவியும். அதனால் உழவில்லா விதைப்புச் செய்தவர்களும் பெரும்பாலும் வைக்கோலை எரித்துவிட்டுத்தான் விதைத்தார்கள். இதற்கு விடை தேடி, 2000களின் தொடக்கத்தில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'ஹேப்பி சீடர்'. ஒவ்வொரு கொழுவுக்கும் முன்னால் சுழலும் கத்திகள் வைக்கோலை வெட்டி விலக்கும். கொழு கீறி விதையை வைக்கும். விலக்கிய வைக்கோல் திரும்ப வரிசைகளுக்கு நடுவே மூடாக்காக விழும். ஒரே ஓட்டத்தில் வேலை முடிந்தது. வழக்கமான முறையில் டிராக்டர் நாலஞ்சு தடவை ஓடணும். கம்பைனிலேயே வைக்கோலைப் பரத்திவிடும் ஓர் இணைப்பைப் பொருத்தினால் ஹேப்பி சீடர் இன்னும் சீராக ஓடும்.

அந்த மூடாக்கின் கீழே என்ன நடக்கிறது? வெயில் நேரடியாக மண்ணில் படாததால் ஈரம் சீக்கிரம் ஆவியாவதில்லை. நெல்லுக்குப் பாய்ச்சின ஈரத்திலேயே கோதுமை முளைத்துவிட முடியும். விதைப்புக்கு முன் பாய்ச்சும் ஒரு தண்ணீரை, பஞ்சாபில் அதை 'ரவுனி' என்பார்கள், பல வயல்களில் மிச்சப்படுத்தலாம். மழைத்துளி நேராக மண்ணை அடிப்பதில்லை, அதனால் ஓடு கட்டுவதில்லை. மார்ச் வெயிலில் மண் ஈரம் இன்னும் சில நாள் கூட நிற்கும். ஈரம் இருந்தால் பயிர் இலை வழியாக நீராவி விட்டுத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும், நமக்கு வியர்ப்பது மாதிரி. 2022 மாதிரி ஒரு மார்ச்சில் அந்தச் சில நாள் பெரிய விஷயம்.

மண்ணுக்குள் நடப்பது இதைவிட மெதுவான வேலை. வைக்கோலில் கார்பன் ரொம்ப அதிகம், நைட்ரஜன் ரொம்பக் குறைவு. அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான நைட்ரஜனை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். விதைக்கிற நேரத்தில் வைக்கோலை மண்ணோடு கலந்துவிட்டால் இந்த இழுப்பு அதிகம், பயிர் மஞ்சளாகத் தெரியும். மேலே மூடாக்காக விட்டால் மண்ணோடு தொடர்பு குறைவு, மெதுவாக மக்கும், இழுப்பும் குறைவு. வருஷங்கள் போகப் போக மேல் சில சென்டிமீட்டரில் மக்கு சேரும். பூஞ்சை இழை திரும்பப் பின்னும். மண்புழு திரும்ப வரும், அதன் குழாய் வழியே தண்ணீர் இறங்கும். இதற்கு ஒரு பருவம் போதாது. பல வருஷம் விடாமல் செய்தால்தான் மண் மாறும்.

சரி, அப்போ எல்லாரும் உழவை நிறுத்திடலாமா?

அவ்வளவு சுலபமாக "ஆமாம்" சொல்ல முடியாது. 2015இல் 'நேச்சர்' இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 63 நாடுகளில் 48 பயிர்களில் நடந்த 610 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் உழாத வயலில் விளைச்சல் சராசரியாக 5.7 சதவீதம் குறைவு! முதல் முறை இதைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. உழாமல் விடுவதோடு, தாளை வயலிலேயே விட்டு, பயிரையும் மாற்றி மாற்றிப் போட்டால் அந்த இழப்பு குறைகிறது. மழையை நம்பிய வறண்ட பகுதிகளில் விளைச்சல் 7.3 சதவீதம் கூடவே செய்கிறது.

அதாவது, உழாமல் விடுவது மூணு கால் முக்காலியில் ஒரு கால்தான். மெக்சிகோவில் எல் பட்டான் என்கிற இடத்தில், சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையத்தின் சோதனை வயல் ஒன்று 1991இலிருந்து நடக்கிறது. அங்கே மக்காச்சோளமும் கோதுமையும்தான் பயிர். உழாமல், தாளையும் விட்டுவைத்த பகுதியில் மண் நன்றாகத் தேறியது. உழாமல், தாளை மட்டும் அள்ளிக்கொண்டு போன பகுதியில் மண் இறுகி, தண்ணீர் இறங்காமல், விளைச்சல் மோசமாகப் போனது. உழுத வயலைவிட மோசம். கலப்பையை நிறுத்தியாச்சு, போர்வையையும் உருவியாச்சு என்றால் மண்ணுக்கு ரெண்டு பக்கமும் நஷ்டம். பாதுகாப்பு உழவின் வரையறை ஏன் மூடாக்கைக் கணக்கு கேட்கிறது என்று இப்போ புரியுது இல்லையா?

இன்னும் சில விஷயங்களை நேர்மையாகச் சொல்லணும். உழவில்லா விவசாயம் கார்பனை மண்ணில் புதைத்துப் பருவநிலை மாற்றத்தையே தடுத்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. அது கொஞ்சம் மிகை. உழாத வயலில் மேலே மக்கு கூடுகிறது, உண்மை. ஆனால் உழுத வயலில் தாள் ஆழத்தில் புதைவதால், கீழே அங்கே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மேல் மண்ணை மட்டும் எடுத்துச் சோதித்தால் உழாத வயல் ஜெயித்த மாதிரி தெரியும். ஆழமாகத் தோண்டிப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே சுருங்கிவிடும். மண் நலத்துக்கு மேல்மண்ணில் மக்கு இருப்பதே பெரிய லாபம். அதைக் காட்டி வானத்துக்கே வைத்தியம் என்று விற்க வேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்தது பஞ்சாபுக்கே உரிய சிக்கல். கோதுமையை உழாமல் விதைத்து அஞ்சு மாசம் மண்ணைத் தேற்றுகிறோம். ஜூனில் நெல்லுக்காகத் தண்ணீர் கட்டி, சேறு கலக்கி, தொளி அடிக்கிறோம். தொளி அடிப்பதன் நோக்கமே மண் உருண்டைகளை உடைத்துத் தண்ணீர் கீழே இறங்காமல் அடைப்பதுதான். குளிர்காலத்தில் கட்டினதைக் கோடையில் நாமே கலைத்துவிடுகிறோம். நெல்லையும் சேறு கலக்காமல் நேரடியாக விதைத்தால் மண் தொடர்ந்து தேறும். ஆனால் நேரடி விதைப்பில் களை அதிகம். களைக்கொல்லியை நம்பியே இருந்தால், ஒரு நாள் குல்லி தண்டா மாதிரி அதுவும் கட்டுப்படாமல் போகும்.

விவசாயி ஏன் தயங்குகிறார்?

மெஷின் இருக்கு, அறிவியல் இருக்கு. 2018இலிருந்து மத்திய அரசு இந்தக் கருவிகளுக்குத் தனி விவசாயிக்கு 50 சதவீதம், வாடகை மையங்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் 80 சதவீதம் மானியம் அறிவித்தது. இருந்தும் புகை நிற்கவில்லையே, ஏன்?

வருஷத்தில் மூணு வாரம் மட்டும் ஓடுகிற மெஷினை வாங்கி மீதி நாளெல்லாம் ஷெட்டில் நிறுத்தணும். அதை இழுக்கப் பெரிய டிராக்டர் வேணும். வாடகைக்கு எடுக்கலாம் என்றால் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் தேவை. வைக்கோலுக்கு அடியில் எலியும் புழுவும் பெருகுமோ என்ற பயம், அது சில வயல்களில் உண்மையும்கூட. இதோடு இன்னொன்று, பேப்பரில் வராத காரணம்: பார்வை. சுத்தமாக உழுது பரம்படித்த வயல்தான் நல்ல விவசாயிக்கு அடையாளம். வைக்கோல் பரவி அலங்கோலமாகத் தெரிகிற வயலில் முதல் சில வாரம் பயிரே கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து வயல்காரர் பார்த்துச் சிரிப்பார். இப்போது பஞ்சாபில் பலர் 'சூப்பர் சீடர்' என்ற கருவிக்கு மாறுகிறார்கள். அது வைக்கோலை மண்ணோடு புரட்டிக் கலந்துவிட்டு விதைக்கும். எரிப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் மண்ணைக் கிளறுகிறது, மூடாக்கு மிஞ்சுவதில்லை. வயல் சுத்தமாகத் தெரியும். எங்க அபார்ட்மென்ட் பூப்பாத்தி மாதிரி.

இதற்கெல்லாம் மேலே ஒரு கேள்வி இருக்கு, அது நிலம் யாருடையது என்பது. பஞ்சாபில் நிறையப் பேர் அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறார்கள். குத்தகை பெரும்பாலும் வருஷத்துக்கு வருஷம். அஞ்சு வருஷம் கழித்து மண் தேறும் என்று சொன்னால், "அஞ்சு வருஷம் கழிச்சு இந்த நிலம் என்கிட்ட இருக்குமா?" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. வாடகை வீட்டில் நம்ம சொந்தக் காசைப் போட்டு நாம் டைல்ஸ் பதிப்போமா? எரிப்பவருக்கு அபராதம் போடுவதோடு நின்றால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. பல வருஷக் குத்தகை, கேட்ட நாளில் கிடைக்கிற வாடகை மெஷின், தாளை வயலில் விட்டவருக்கு அந்தப் பருவத்திலேயே கையில் வருகிற உதவித்தொகை என்று, காத்திருக்கும் செலவை மற்றவர்களும் பங்கு போட்டுக்கொண்டால்தான் இது நடக்கும். அந்தப் புகையைச் சுவாசிக்கிற நகரத்துக்கும் அதில் பங்கு இருக்கு என்று நான் நினைக்கிறேன்.

"இதெல்லாம் வடக்கே, நமக்கென்ன?" என்று தோன்றினால், ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம்ம காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பார்கள். உழவு கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்து காய்க்கும். 'நெல் தரிசுப் பயறு' என்று பெயர். ஹேப்பி சீடர் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே நம்ம ஊரில் இருந்த உழவில்லா விதைப்பு அது. கம்பைன் மெஷின் வந்து முளைத்த பயறைச் சக்கரத்தில் நசுக்கத் தொடங்கியதிலிருந்து அங்கேயும் சிக்கல்தான். உழாமல் விதைப்பது நமக்குப் புதுசு இல்லை. பெரிய மெஷினோடு அதை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதில்தான் பஞ்சாபும் தஞ்சாவூரும் ஒரே கேள்விக்கு முன்னால் நிற்கின்றன.

உங்க வீட்டுப் பக்கத்திலும் ரெண்டு இடத்திலிருந்து மண்கட்டி எடுத்து, நன்றாகக் காயவைத்து, டம்ளரில் போட்டுப் பாருங்க. எந்தக் கட்டி எவ்வளவு நேரம் தாங்கியது என்று எழுதி அனுப்புங்க. நான் எங்க அசோசியேஷன்ல பேசி, அந்தப் பூப்பாத்தியில் பாதியை மட்டும் ஒரு வருஷம் கொத்தாமல், சருகு போட்டு மூடி வைக்க அனுமதி வாங்கியிருக்கேன். பார்க்க அசிங்கமா இருக்கு என்று ஏற்கனவே ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் இதே நேரம் ரெண்டு பாதியிலிருந்தும் கட்டி எடுத்து டம்ளரில் போட்டுட்டு வந்து சொல்றேன்.